படகுக்கு இரண்டு பேர் வேண்டும்

பஸ் டிப்போவில் எந்த டிரைவர் எந்த வண்டியை எடுப்பது என்று தீர்மானிக்கிறவள் அவள். டிரைவர்கள் அவளை டியூட்டியம்மா என்பார்கள். அத்தனை பேருக்கும் வேலையைப் பிரித்துப் போட்டுவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு எழுந்துவிடுகிறவள். அப்பேர்ப்பட்டவள், ஒரே ஒரு ஆற்றுப் பயணத்துக்குத் திட்டம் போடுகிறேன் பேர்வழி என்று மாதக்கணக்கில் இழுத்தடித்தாள் என்றால் யாராவது நம்புவார்களா?

விஷயம் இதுதான். கணவர் போன பிறகு வீட்டில் அவளை விட்டால் சத்தம் போடுவது ஃப்ரிட்ஜ் மட்டும்தான். வேறு ஊரில் வேலை பார்க்கும் மகன் ஞாயிற்றுக்கிழமை போன் செய்வான். சாப்பிட்டியா, சாப்பிட்டேன், மாத்திரை போட்டியா, போட்டேன், வைக்கட்டுமா. கேஸ் சிலிண்டர் கொண்டு வருகிறவர் அதைவிட அதிகம் பேசுவார். ஒரு ஞாயிறு, அவன் வைக்கட்டுமா என்பதற்குள், துடுப்புப் போட்டு நாமே ஓட்டுகிற ஒல்லிப் படகில் ஆற்றோடு போய்வரலாம் என்றிருக்கிறேன் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லி வைத்தாள்.

பிள்ளைக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. மறுநாளே ஆற்றின் படத்தை அனுப்பினான். சுழல் கிடையாது, இழுப்பு கிடையாது, கரையெல்லாம் மரம், நடுவில் உட்கார்ந்து சாப்பிட ஒரு மணல்திட்டு என்று அடுத்த வாரம் முழுமூச்சாகப் பேசினான். அவளும் விடவில்லை. வாரம் முழுக்க யோசித்து ஒரு சந்தேகத்தைத் தயார் செய்வாள். இறங்குகிற இடம் சரிவாக இருக்கிறதே என்பாள். வெயிலுக்குத் தொப்பி போதுமா, குடை வேண்டுமா என்பாள். அவன் சளைக்காமல் பதில் சொல்வான். ஞாயிறு வருவதற்கு இப்போது ஒரு காரணம் இருந்தது.

இதில் ஒரு கூத்து. அந்தப் படகில் இரண்டு இருக்கை. பின் இருக்கை மகனுக்கு என்று அவள் முதல் நாளே மனதில் எழுதிவிட்டாள். டிப்போவில் அவள் ஒரு டிரைவரின் பெயரை எழுதினால் ஆள் வந்து நிற்பான், வருகிறாயா என்று கேட்கிற பழக்கமே கிடையாது. அதே புத்தி வீட்டுக்கும் வந்துவிட்டது.

ஒரு ஞாயிறு அவன் போனில் அவசரப்படுத்தினான். எல்லாம் பேசியாயிற்று, வருகிற சனிக்கிழமைக்குப் படகைச் சொல்லிவிடுகிறேன் என்றான்.

"ரெண்டு பேர் இருந்தாத்தான் குடுப்பாங்களாம். உன்கூட யாரும்மா வர்றாங்க?"

அவளுக்கு ஒரு கணம் கேள்வியே புரியவில்லை.

"நீதாண்டா."

அவன் ஆபீஸில் நெருக்கடி, புது மேனேஜர் ஒரு மாதிரி என்று மென்று முழுங்கினான். கடைசியில், "பாக்கறேம்மா" என்றான்.

அந்த வார்த்தை அவளுக்கு அத்துப்படி. லீவு கேட்டு வந்து நிற்கிற டிரைவரிடம், கொடுப்பதில்லை என்று முடிவு செய்த பிறகு அவள் சொல்வது அதைத்தான். அவர்களும் புரிந்துகொண்டு தலையைச் சொறிந்தபடி போய்விடுவார்கள். கோபித்துக்கொள்ளலாம் என்று பார்த்தாள், வரவில்லை. அழுகைதான் முட்டிக்கொண்டு வந்தது. அவனுக்குக் கேட்டுவிடப் போகிறதே என்று போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டாள்.

"சும்மா சொன்னேண்டா. எங்க கேஷியரம்மா வர்றா."

"அப்படியா" என்றவன் மூச்சு விட்டது இங்கே வரை கேட்டது. பாவம் கேஷியரம்மா, அப்படி ஒரு ஆறு இருப்பதே அவளுக்குத் தெரியாது.

அப்படியானால் சனிக்கிழமையே போய்விட்டு வாருங்கள் என்றான் மகன். போய்விட்டு வந்தால் அப்புறம் என்ன பேசுவது?

"அவளுக்கு முட்டி வலியாம்டா, அடுத்த மாசம் பாக்கலாங்கறா. அது கெடக்கட்டும், படகுல செருப்பு போட்டுக்கிட்டே உக்காரலாமா?"

அவன் குரலுக்கு உயிர் வந்துவிட்டது. ரப்பர் செருப்பு வழுக்கும், வார் வைத்ததுதான் சரி என்று ஆரம்பித்தான். அவள் ஸ்பீக்கரைப் போட்டு, போனை எதிர் நாற்காலியில் வைத்துவிட்டு, உம் கொட்டிக்கொண்டே இருந்தாள்.