ஓரம் தெரிகிற வியூஃபைண்டர்

இலங்கையின் தெஹியோவிட்ட தோட்டங்களில் கல்யாணப் படம் எடுக்கும் லோகேந்திரன், கேமரா மேல் செருகிக் கண் வைத்துப் பார்க்கும் புது வியூஃபைண்டர் வாங்க அவிசாவளைக்குப் போனான். மூக்குக்கண்ணாடியோடு பார்த்தால், வைட் லென்ஸில் விழும் ஓரங்கள் பழையதில் தெரிவதில்லை.

போன கல்யாணத்தில் அதுதான் வம்பாகிவிட்டது. கணவனை இழந்தவர் என்று தாலி கட்டும்போது ஒதுங்கி நின்ற மணப்பெண்ணின் அம்மா, வாய்நிறையச் சிரித்தபடி படத்தின் ஓரத்தில் விழுந்திருந்தார். அபசகுனம் என்று மாப்பிள்ளை வீட்டார் குதித்தார்கள். மகளோ அந்தப் படத்தைத்தான் பெரிதாக்கி தோட்டக் குடியிருப்பின் லயத்து அறையில் மாட்டினாள்.

கடைக்காரர் முதலில் கொடுத்ததன் உலோக விளிம்பு கண்ணாடியை உரசியது. ரப்பர் விளிம்பு வைத்த அடுத்ததில் நாலு ஓரமும் பளிச்சென்று தெரிந்தன.

"இனி வேண்டாதவங்க படத்துல விழ மாட்டாங்க," என்றார் அவர்.

"அவங்களைத் தெரிஞ்சே எடுக்கத்தாங்க வாங்குறேன்," என்றான் லோகேந்திரன்.