எட்னாவின் இரண்டு வாத்துகள்

யார் யார் வந்திருந்தார்கள், எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் தையல் சங்கத் தலைவி கிளெனிஸ் நீள மேசையின் தலைமாட்டில், ஹீட்டருக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்திருந்தாள். அந்த மண்டபத்தில் குளிர் விட்டது அவள் ஒருத்திக்குத்தான். அவளுக்கு வலப்பக்கம் கோரல், மடியில் கனத்த தலையணை உறையோடு. போர்வையை நாங்கள் தலையணை உறைக்குள் வைத்துத்தான் எடுத்து வருவோம். எதிரே பாம், ஸ்கோன் ரொட்டித் தட்டுக் கைக்கெட்டும் தூரத்தில். மேசைக் கோடியில் நான், கூட்டக் குறிப்பு எழுதுகிறவள். ஜன்னலோரப் பெஞ்சில் இன்னும் நான்கு பேர். நோலா மட்டும் மேசைக்கு வரவில்லை. வாசலருகே உயரமான முக்காலியில் சாய்ந்திருந்தாள். தாழ்ந்த நாற்காலியில் உட்கார்ந்தால் கையை ஊன்றித்தான் எழ வேண்டும். அவளுடைய தோள் அதற்கெல்லாம் இப்போது ஒத்துழைப்பதில்லை.

எங்கள் சங்கத்தில் ஒவ்வொருத்தியும் துண்டுத் துணிகளை இணைத்துப் போர்வையின் மேல்துணியை வீட்டிலேயே முடிப்போம். அதற்குக் கீழே பஞ்சும் அடித்துணியும் வைத்து, மூன்றும் நழுவாமல் மேலெல்லாம் கொடிபோலத் தையல் ஓட்டித் தருவது நோலாவின் தொழில். வீட்டுக்குப் பின்னால் உள்ள கொட்டகையில் அவளுடைய மிஷின் இருக்கிறது. கட்டிலைவிட நீளமான சட்டம், அதன்மேல் தண்டவாளம்போல இரண்டு கம்பிகள், அவற்றில் ஓடும் தையல் தலை. அதைத் தள்ளித் தள்ளியே தோள் போயிற்று. அலமாரி நிறைய அடுத்தவர்களுடைய மேல்துணிகள், ஒவ்வொன்றிலும் பெயர்ச் சீட்டுக் குத்தி. "ஒண்ணை இறக்கினா ரெண்டு ஏறுது" என்பாள். எழுதுகிற கையும் அந்தத் தோளோடு சேர்ந்ததுதான் என்பதால், அவளுக்கு வரும் கடிதங்களுக்கு நான்தான் போய்ப் பதில் எழுதித் தருவேன்.

தேநீருக்கு முன்னால், முடிந்த போர்வைகளைக் காட்டுவது வழக்கம். இரண்டு பேர் மேல் மூலைகளைப் பிடித்துத் தூக்குவார்கள். அவர்களுடைய விரல்களும் செருப்பும் மட்டும்தான் வெளியே தெரியும். தைத்தவள் முன்னால் நின்று பேசுவாள். அன்று கோரலின் போர்வையைப் பாமும் நானும் பிடித்தோம். கோரலுக்குக் கட்டைவிரல் மூட்டில் பட்டை போட்டிருந்ததால் ஓரம் கட்டுவதையும் நோலாவே செய்து, அன்று காலை மண்டப வாசலில் வைத்துக் கொடுத்திருந்தாள். கோரலே அதை இன்னும் விரித்துப் பார்க்கவில்லை.

"இது எட்னாவும் நானும் சேர்ந்து ஆரம்பிச்சது" என்றாள் கோரல், போர்வைக்கு முதுகைக் காட்டி நின்று. எட்னா அவளுடைய தங்கை. ஏப்ரலில் இறந்துபோனாள். "எட்னாவைப் பத்தி உங்களுக்கு நான் சொல்லணுமா? நாம டீ குடிச்சா அவ காபி கேப்பா. ஊரே நம்ம டீமுக்குக் கத்தினா, அவ எதிர் டீம் மப்ளரைக் கழுத்துல கட்டிட்டு வந்து நடுவுல உக்காருவா."

"எங்க வீட்டுக்காரர் பக்கத்துலதான் உக்காருவா" என்றாள் பாம், போர்வைக்குப் பின்னாலிருந்து. "ஒருநாள் மனுஷனுக்கு ரத்தக்கொதிப்பே ஏறிப்போச்சு."

பெஞ்சில் சிரிப்பு எழுந்து அடங்கியது. எங்கள் தையலில் வாத்து என்பது ஒரு முக்கோணத் துணி; அதன் கூர்முனை காட்டுகிற பக்கம் அது பறப்பதாகக் கணக்கு.

"இதுல சதுரத்துக்கு ரெண்டு வாத்து. எல்லா வாத்தும் மேலே பாத்துப் பறக்குது. ஒரே ஒரு சதுரத்துல மட்டும் ரெண்டும் கீழே பாத்துப் பறக்கும். அது எட்னா தச்சு வெச்சுட்டுப் போனது. போற போக்குல கூட எனக்குப் பழிப்புக் காட்டிட்டுத்தான் போயிருக்கா. இந்தப் போர்வை டார்வின் நகரத்துல இருக்கிற அவ பொண்ணு ஜனீனுக்குப் போகுது. ஃபோன்லயே அவகிட்ட சொல்லிட்டேன், உங்கம்மா ஒரு சதுரத்துல உக்காந்துட்டு வரான்னு. மஞ்சப் பூப்போட்ட வாத்து. எங்க, யார் கண்ணுல படுதுன்னு பாக்கலாம்!"

யார் கண்ணிலும் படவில்லை. பெஞ்சில் இருந்த நால்வரும் எழுந்து கிட்டே வந்தார்கள். கிளெனிஸ் கண்ணாடியை மாற்றிக்கொண்டாள். கோரல் திரும்பிப் பார்த்தாள்.

"பாம், தலைகீழாப் பிடிச்சிருக்கியா?"

"அப்படிப் பிடிச்சா எல்லா வாத்துமில்ல கீழே போகும்?"

கோரலின் கை தானாகவே அந்த மஞ்சள் பூத்துணிக்குப் போயிற்று. அந்த வாத்துகளும் மற்றவற்றோடு சேர்ந்து ஒழுங்காக மேலே பறந்துகொண்டிருந்தன.

"நான்தான் திருப்பினேன், கோரல்" என்றது வாசல் பக்கத்துக் குரல்.

நோலாவின் வழக்கம் அது. மேல்துணியைச் சட்டத்தில் ஏற்றுமுன் மேசைமேல் விரித்து ஒருமுறை பார்ப்பாள். ஒரு சதுரம் திரும்பியிருந்தால் பிரித்துச் சரியாக வைத்துவிட்டுத்தான் ஏற்றுவாள். அதற்குக் காசும் கேட்க மாட்டாள், சொல்லிக் காட்டவும் மாட்டாள். எல்லாம் முடிந்தபிறகு தப்பைக் கண்டுபிடித்துக் குமுறி அழுதவர்களை நிறையப் பார்த்தவள்.

"நீ அசந்துபோய் வெச்சுட்டேன்னு நெனச்சேன்" என்றாள். "ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்."

"எங்க எட்னாவைத் திருப்பி வெச்சுட்டியேடி" என்றாள் கோரல். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். "எல்லாரோடையும் சேத்து வெச்சுட்டே. ஜனீனுக்கு நான் என்ன சொல்வேன்?"

"எப்போ அனுப்பணும்?"

"திங்கக்கிழமை. செவ்வாய்க்கிழமை அவளுக்குப் பிறந்தநாள். எட்னா இல்லாம வர்ற முதல் பிறந்தநாள். நாள் தப்பிப் போய்ச் சேந்தாலும் சரி, அன்னிக்கு வழியிலயாவது இருக்கணும்."

"பிரிச்சுத் திரும்ப வெச்சுத் தரேன்" என்றாள் நோலா. முக்காலியை விட்டு இறங்கி, கோட்டைப் போட ஒரு கையை மட்டும் நுழைத்துவிட்டு, மற்றதை யாராவது போட்டுவிடட்டும் என்று நின்றாள்.

அதற்குமேல் தேநீரில் ருசி இல்லை. கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது எனக்கு ஒன்று உறைத்தது. சதுரத்துக்கு ஏது மேல், ஏது கீழ்? தனியாகக் கிடக்கிறவரை அதை எப்படி வைத்தாலும் சரிதான். வாத்து எந்தப் பக்கம் பறக்கிறது என்பது, சதுரங்களை வரிசையில் சேர்த்துத் தைக்கும்போதுதான் முடிவாகிறது. எட்னா தைத்தது சதுரங்களை மட்டும். ஒரு பிஸ்கட் டப்பாவில் அவை கிடந்தன. சேர்த்துத் தைத்தவள் கோரல். சாவுக்கு வந்தவர்கள் கிளம்பிப்போன வாரத்தில், சமையலறை மேசையில் வைத்து.

கிளெனிஸைப் பார்த்தேன். அவள் தன் ஸ்கோனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெஞ்சுக்காரிகள் ஜன்னலைப் பார்த்தார்கள். அத்தனை பேரும் ஆயுள் முழுக்கச் சதுரம் தைத்தவர்கள், ஒருத்திக்கும் தெரியாமலிருக்க வழியில்லை. பாமுக்கு மட்டும் கொஞ்சம் தாமதமாக வந்து சேர்ந்தது.

"இல்ல, நான் என்ன யோசிக்கிறேன்னா, ஒரு சதுரத்துக்கு மேலே கீழேன்னு..."

"பாம், அந்த ஜாமை இந்தப் பக்கம் தள்ளு" என்றாள் கிளெனிஸ்.

"ஜாம் உங்க முன்னாலதானே இருக்கு?"

"அப்போ கிரீமைத் தள்ளு."

பாம் கிரீமைத் தள்ளினாள்.

நோலாவை என் காரில் கூட்டிவந்தேன். கோதுமைக் கிடங்கைத் தாண்டியதும் பேச்சை எடுத்தேன்.

"நீ அங்கேயே சொல்லியிருக்கலாம்" என்றேன்.

"என்னத்தை?"

"உனக்குத் தெரியாதா?"

"திருப்பும்போதே தெரியும். உள்ளே எட்னாவோட வெள்ளை நூல். நாலு பக்கமும் கோரலோட ரோஸ் நூல்." கண்ணை மூடிச் சாய்ந்துகொண்டாள். "சொன்னா அவ அழுவா. நீங்க எல்லாரும் தட்டிக் குடுப்பீங்க. கிளெனிஸ் ஒரு சின்னப் பிரசங்கம் வைப்பா. அதையெல்லாம் உக்காந்து கேக்கறதுக்குப் பிரிச்சுத் தைக்கிறதே மேல். எனக்கு ரொம்ப அலுப்பா இருக்கு ஹெதர்."

"உன்மேல பழி நிக்குதே."

"நிக்கட்டும். அலமாரில நிக்கிறதோட இதுவும் ஒண்ணு."

சனிக்கிழமை காலை நான் கொட்டகைக்குப் போனபோது வேலை ஆரம்பித்திருந்தது. ஓரம் கட்டிய போர்வையை மறுபடி சட்டத்தில் ஏற்ற முடியாது. மடியில் போட்டுக்கொண்டு கொக்கி ஊசியால் கண்ணி கண்ணியாகத்தான் பிரிக்க வேண்டும். ஒரு சதுரத்தை எடுக்க, அதைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்குக் கொடித்தையல் போக வேண்டும். நோலா பத்துக் கண்ணி பிரிப்பாள், கையைத் தொங்கவிட்டு உதறுவாள், மறுபடி குனிவாள். கண்ணுக்குக் கீழே கருவளையம். காலையிலேயே இரண்டு பேர் ஃபோன் செய்து தங்கள் போர்வை எப்போது என்று கேட்டிருந்தார்களாம்.

சிறிது நேரத்தில் கோரல் வந்தாள், பூசணிக்காய் சூப் நிறைந்த பாத்திரத்தோடு.

"உன்மேல எனக்கு இன்னும் கோபம்தான்" என்றாள். "அதுக்காகப் பட்டினி போட முடியுமா?"

"அடுப்பு மேல வை. உப்புப் போட்டியா, இல்ல போன தடவை மாதிரியா?"

"போன தடவை செஞ்சது எட்னா."

"அவளா? அவ சூப்புல உப்பு இருந்தா அதிசயம்."

கோரல் ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு எதிரே உட்கார்ந்தாள். பட்டை போடாத கையால், அறுந்த நூல் துணுக்குகளைப் பொறுக்கி எடுக்க ஆரம்பித்தாள். நான் ஜன்னலோரம் கடிதக் கட்டோடு உட்கார்ந்தேன். தகரக் கூரைமேல் காக்கட்டூக் கிளிகள் அடித்துக்கொண்டன.

சதுரத்தின் நான்கு பக்கமும் நோலா பிறகு போட்ட சாம்பல் நிற நூல். அது எளிதில் வந்துவிட்டது. சதுரம் கழன்றதும் அது இருந்த இடத்தில் பஞ்சு தெரிந்தது. சுற்றிலும் அக்கம்பக்கத்துச் சதுரங்களின் உள்விளிம்பு மேலே புரண்டு நின்றது. கோரலின் கை நின்றுவிட்டது.

"இது ரோஸ் நூல்" என்றாள்.

நோலா நிமிரவில்லை.

"இந்த வரிசை முழுக்க ரோஸ் நூல். எட்னா வெள்ளையைத் தவிர வேற நூல் தொடமாட்டா. ரோஸ் நூல் என் மிஷின்ல இருந்தது. பேத்தி பாவாடைக்குப் போட்டது, மாத்தக்கூட இல்ல." கழன்ற சதுரத்தை எடுத்துப் பின்புறம் திருப்பினாள். அதில் வெள்ளை நூல், அச்சடித்ததுபோல. "சேத்துத் தச்சது நான்தான். அப்போ திருப்பி வெச்சதும் நான்தான்."

அடுப்பில் சூப் கொதித்தது. நான் எழுந்து தணித்துவிட்டு வந்தேன்.

"உனக்குத் தெரியும்" என்றாள் நோலாவிடம்.

"தெரியும்."

"ஹெதர், உனக்கு?"

"டீ குடிக்கும்போது புரிஞ்சது" என்றேன்.

"கிளெனிஸுக்கு?"

"எல்லாருக்கும்தான்."

"பாமுக்குமா!" என்றாள் கோரல். அதுதான் அவளை அதிகமாகப் பாதித்ததுபோல் இருந்தது. ஒரு நூல் துணுக்கை விரலில் சுற்றிக்கொண்டாள். அழவில்லை. அந்த வாரம் என்ன தைத்தாள், எப்படித் தைத்தாள் என்பதே நினைவில்லை என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு துணியைப் பார்ப்பாளாம், துணியைப் பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைப்பாளாம். முடிந்ததும் தூக்கிப் பிடித்தபோது இந்த இரண்டு வாத்துகள் கண்ணில் பட்டன. எட்னாதான் என்று அப்போதே மனசுக்குள் முடிவாகிவிட்டது. வேறு எப்படி நினைக்கத் தோன்றும்?

நோலா கையை நீட்டிச் சதுரத்தை வாங்கி, பஞ்சு தெரிகிற இடத்தில் வைத்தாள்.

"எந்தப் பக்கம் வைக்கட்டும்? சீக்கிரம் சொல்லு. இந்தத் தோள் இன்னொரு தடவை தாங்காது."

கோரல் சதுரத்தை மேலே திருப்பி வைத்தாள். வாத்துகள் கூட்டத்தோடு சேர்ந்தன. கீழே திருப்பினாள். பக்கவாட்டில்கூட ஒருமுறை வைத்துப் பார்த்தாள்.

"கீழேயே இருக்கட்டும்" என்றாள். "ஏப்ரல்ல என் நிலைமை அதுதான்."

நோலா கையாலேயே அதை வைத்துத் தைத்தாள். அறுந்த கொடித்தையலையும் கையாலேயே நிரப்பினாள். மிஷின் ஓட்டியதற்கும் கை ஓட்டியதற்கும் வித்தியாசம் தெரிந்தது. தெரிந்துவிட்டுப் போகட்டும் என்றாள் கோரல். நடுவில் சூப் குடித்தோம். அதில் உப்பு இருந்தது. அன்று முடியவில்லை, ஞாயிற்றுக்கிழமையும் பாதி போயிற்று. கடைசி முடிச்சைப் போட்டுவிட்டு நோலா ஊசியைக் காந்தத் தட்டில் போட்டாள். சட்டத்துக்குக் கீழே தரையில் நீட்டிப் படுத்துவிட்டாள்.

"யாரும் என்னை எழுப்பாதீங்க. மிதிக்காமப் போங்க, போதும்."

திங்கட்கிழமை காலை கொட்டகையில் போர்வை மடித்துப் பெட்டிக்குள் இருந்தது. கட்டைவிரல் பட்டையால் கோரலுக்கு எழுத வராது. அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். பிறந்தநாள் வாழ்த்து, இங்கே விழுகிற பனி, முழங்கால் வலி எல்லாம் எழுதியாயிற்று. வாத்துகளிடம் வந்ததும் நிறுத்திவிட்டாள்.

"அவகிட்ட உங்கம்மான்னு சொல்லியிருக்கேன். ஃபோன்லயே அழுதா."

"அப்படியே விட்டுடேன்" என்றாள் நோலா, பெட்டிக்கு டேப் ஒட்டத் தயாராக நின்று. "யாருக்கு நஷ்டம்? ஊர்ல யாரும் வாயைத் திறக்க மாட்டாங்க. பாமைக் கிளெனிஸ் பாத்துப்பா."

கோரல் டேப்பை மறித்துப் பெட்டிமேல் கையை வைத்தாள்.

"வாயாலதான் எட்னா ஏட்டிக்குப் போட்டி. தையல்ல ஒரு சதுரம்கூட அவ தப்பா வெச்சதில்ல. என் தையலை எத்தனை தடவை பிரிச்சு என் மூஞ்சில எறிஞ்சிருக்கா தெரியுமா? இதை அவ தலையில கட்டினா, நான் செத்து அவ முன்னால போய் நிக்கும்போது என்னைச் சும்மா விடுவாளா?" என் பேனாவைக் காட்டினாள். "எழுது. அன்புள்ள ஜனீன், ஃபோனில் நான் சொன்னது சரியில்லை. உன் அம்மா தைத்த சதுரங்கள் இந்தப் போர்வை முழுக்க இருக்கின்றன. வெள்ளை நூல் உள்ளே இருப்பதால் எது அவளுடையது, எது என்னுடையது என்று வெளியே தெரியாது. அவள் தைத்ததில் ஒரு தப்பும் இல்லை. தலைகீழாகப் பறக்கும் இரண்டு வாத்துகளும் என் கைத்தப்பு. அதை நோலா சரிசெய்தாள். நான்தான் அவளைப் படுத்தி, பழையபடி தப்பாகவே வைக்கச் சொன்னேன். அவள் தோளைப் பாழாக்கியதில் எனக்கும் பங்கு உண்டு."

"அந்தக் கடைசி வரி வேண்டாம்" என்றாள் நோலா.

"எழுது ஹெதர்."

எழுதினேன். அன்புடன் பெரியம்மா என்று போட்டு, பேனாவை இடதுகையில் வாங்கிக் கோணலாகக் கையெழுத்து வைத்தாள். நான் தாளை மூன்றாக மடித்து உறையில் போட்டேன். ஓரத்தை நாவால் நனைத்து ஒட்டி, மேலே பெயரை எழுதி, போர்வையின்மேல் வைத்தேன். நோலா பெட்டியை மூடி, குறுக்கும் நெடுக்குமாக டேப் இழுத்தாள். தபால் நிலையத்தில் இருந்த பெண் அதை எடைபோட்டு, சீட்டு ஒட்டி, டார்வின் போகிற மூட்டையில் வைத்தாள்.