இழுத்துப் பொருத்தும் பாடம்

இணையவழிப் பாடப் பக்கங்களை வடிவமைப்பவளுக்கு வீட்டுக்கு வந்த பிறகும் கண்ணுக்குள் கட்டம் கட்டமாக ஓடிக்கொண்டிருக்கும். அன்றும் செருப்பைக் கழற்றக்கூடத் தெம்பில்லாமல் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். அதற்காகவே காத்திருந்ததுபோல் அக்கா ஆரம்பித்தாள்.

"நான் அந்தக் கோர்ஸை விட்டுடறேன்டி. மண்டையில ஏறல."

அவளுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. பார்வை போனதிலிருந்து அக்கா இந்த வீட்டுச் சுவர்களைத்தான் தடவிக்கொண்டிருக்கிறாள். வாடிக்கையாளர்களிடம் தொலைபேசியில் பேசும் பயிற்சியை மாதக் கடைசிக்குள் முடித்தால் மறுபடி சேர்த்துக்கொள்வதாகப் பழைய அலுவலகம் சொல்லியிருந்தது. தங்கை வேலை பார்க்கும் நிறுவனத்திலேயே அந்தப் பயிற்சி இருந்தது. கெஞ்சிக் கூத்தாடி அவள்தான் இடம் வாங்கிக் கொடுத்தாள். மகராசி நாலாவது பாடத்திலேயே மூட்டை கட்டுகிறாள்.

"ஆபீஸ் கணக்கு முழுக்க விரல் நுனியில வச்சிருந்தவ நீ. உனக்கா ஏறல? சோம்பேறித்தனம்னு சொல்லு."

அக்கா மடிக்கணினியை மூடப் போனாள்.

"சரி, எங்க நிக்குது? காட்டு."

திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் குரல் கடகடவென்று பேசியது. தலைப்பு, பத்தி, படத்தின் விவரம், எல்லாம் ஒழுங்காக வந்தன. பிறகு "பெட்டி" என்றது. அக்கா விசையைத் தட்டினாள். "பெட்டி." மறுபடி தட்டினாள். "பெட்டி." கடைசியில், "அடுத்த பாடம், பூட்டப்பட்டுள்ளது." அதோடு அக்கா அவசரமாகக் குரலை நிறுத்திவிட்டாள்.

எட்டிப் பார்த்தவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது அவள் செய்த பக்கம். கோபமான வாடிக்கையாளர் சொல்வது ஒரு பக்கம், பதில்கள் மறுபக்கம். பதிலை மவுஸால் இழுத்து வந்து பொருத்தினால் பெட்டி துள்ளிக் குதிக்கும். "பாடம்னா இப்படிக் கலகலன்னு இருக்கணும்" என்று மேலாளர் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் பாராட்டினார். அன்று வீட்டில் அவள் அடித்த தம்பட்டம் கொஞ்சநஞ்சமல்ல. பார்வையில்லாதவர்களுக்கும் ஏற்ற பக்கமா என்று பார்க்கும் சோதனைக் கருவிகூட எல்லாவற்றுக்கும் பச்சை காட்டியது. படத்துக்கு விவரம் இருக்கிறதா, எழுத்து பளிச்சென்று தெரிகிறதா என்று பார்ப்பதோடு அதன் வேலை முடிந்தது. மவுஸே பிடிக்காத ஒருத்தி பெட்டியை எப்படி நகர்த்துவாள் என்று அது கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை.

மேலாளரைப் போனில் கூப்பிட்டு, இழுத்துப் பொருத்துவதை எடுத்துவிடலாமா என்று கேட்டாள்.

"எல்லாம் பச்சைதானேம்மா? அதை எடுத்துட்டா பக்கம் களையே இல்லாம போயிடும்."

"களை இருந்து என்ன சார், முடிக்க முடியலையே."

மல்லுக்கட்ட அவருக்கும் தெம்பில்லை போலிருக்கிறது. "என்னமோ பண்ணுங்க" என்று வைத்துவிட்டார்.

துள்ளும் பெட்டிகளைத் தூக்கிக் கடாசினாள். ஒவ்வொரு கேள்விக்கும் கீழே மூன்று பதில்கள், விசையை அழுத்தித் தேர்ந்தெடுக்கலாம். பக்கம் அழுது வடிந்தது. அக்கா அதை மளமளவென்று முடித்தாள். ஒன்றுகூடத் தப்பில்லை.

"அடுத்த பாடம், திறந்துள்ளது" என்றது குரல். இந்த முறை அக்கா அதை நிறுத்தவில்லை. அது பாட்டுக்குப் பக்கத்தின் அடிவரைக்கும் போய், "வடிவமைப்பு" என்று சொல்லித் தங்கையின் பெயரை வாசித்தது. கண் தெரிந்த யாரும் சீண்டாத பொடி எழுத்து அது.

அவள் அக்கா பக்கம் திரும்பினாள்.

"இதை தினமும் படிச்சுதாக்கா?"

"பூட்டியிருக்குன்னு சொன்ன கையோட உன் பேரையும் சொல்லும்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே!"

"அந்தப் பக்கத்தைப் பத்தி அன்னிக்கு எவ்வளவு சந்தோஷமா சொன்னே. ஒழிஞ்சு போகுது, நான் மக்காவே இருந்துட்டுப் போறேன்னு நினைச்சேன்."