ஆலங்கோடன் செய்ய வேண்டிய துரோகம்

பெபிஷா பாதியில் எழுந்து போனது நான்காவது ஞாயிற்றுக்கிழமை. என்மேல் தப்பே இல்லை என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

கருங்கல் சந்தைக்குப் பக்கத்தில் டெனிஷ் மொபைல் கடை வைத்திருக்கிறான். சர்ச் முடிந்து சாப்பிட்டுவிட்டு மூன்று மணிக்கு அந்தக் கடையின் மாடியில் கூடுவோம். எட்சா என்று இவர்கள் கூப்பிடும் நான், டெனிஷ், மார்த்தாண்டத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் பெபிஷா, பூதப்பாண்டியிலிருந்து ரெண்டு பஸ் மாறி வரும் கணக்கு டீச்சர் அஸ்வதி. நானும் டெனிஷும் பெபிஷாவும் ஒரே ஸ்கூல். அஸ்வதி பெபிஷாவோடு காலேஜ் ஹாஸ்டலில் இருந்தவள்.

நாங்கள் ஆடிய ஆட்டத்துக்குப் பலகையும் கிடையாது, காயும் கிடையாது. ஒருவர் உலகத்தைச் சொல்லுவார். அவர்தான் கேம் மாஸ்டர். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக இருந்து, ‘நான் இதைச் செய்கிறேன்’ என்பார்கள். நடக்குமா நடக்காதா என்ற சந்தேகம் வந்தால் இருபது முகம் உள்ள டைஸை உருட்ட வேண்டும். பெரிய எண் விழுந்தால் நடக்கும். பெங்களூரில் வேலை பார்த்த மூன்று வருஷத்தில் இதைப் படித்துக்கொண்டேன். இவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவனும் நான்தான். அதனால் நான்தான் கேம் மாஸ்டர்.

எனக்கு வேலை ஞானசிங் இன்ஜினீயர் ஆபீசில் வீட்டு பிளான் வரைவது. நான் வரைந்தது ஒன்றும் வரைந்தபடி எழும்பியதில்லை. குவைத்திலிருந்து வீட்டுக்காரர் போன் செய்து படிக்கட்டை மாற்றச் சொல்லுவார். அவர் மனைவி அடுக்களையை மாற்றுவாள். கடைசியில் கொத்தனார் தன் இஷ்டத்துக்குக் கட்டிவிடுவார். ஞாயிற்றுக்கிழமைக் கதை ஒன்றில்தான் யாரும் கைவைக்க முடியாது என்று இருந்தேன்.

அந்தக் கதைக்காக நாலு மாதம் உட்கார்ந்தேன். நீர்மலை என்று ஒரு நகரம். அதற்கு மேலே ஒரு அணை. ஆலங்கோடன் என்று ஒரு மந்திரி, எல்லாருக்கும் நல்லவன். ராஜா கொடுக்கும் விருந்தின் நடுவில் அவன் அணையை உடைக்க ஆள் அனுப்பியது தெரியவரும். அவன் எழுந்து நின்று ஏன் செய்தேன் என்று ஒரு பேச்சு பேசுவான். அந்தப் பேச்சு மட்டும் மூன்று பக்கம். கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பார்த்திருக்கிறேன்.

நான்காவது ஞாயிறு, ஆலங்கோடன் எல்லாரையும் ராஜாவின் விருந்துக்குக் கூப்பிட்டான். பெபிஷாவின் பாத்திரம் மங்கா என்ற தோணிக்காரி. “மங்கா விருந்துக்கு வரல்ல. ஆத்து வழியா மேல போய் அந்த அணையப் பாக்கப் போறா” என்றாள்.

“ஆத்துல வெள்ளம்” என்றேன்.

“எனக்க கையில தோணி உண்டுல்லா?”

“தோணிய யாரோ களவாண்டாச்சு.”

“அப்ப நீந்திப் போவேன்.”

பதினைந்துக்கு மேல் போட்டால்தான் முடியும் என்றேன். பத்தொன்பது விழுந்தது. டெனிஷ் கைதட்டினான். எனக்கு எரிச்சலாக வந்தது. விருந்தில் மங்கா இல்லாவிட்டால் ஆலங்கோடன் யாரைப் பார்த்துப் பேசுவான்?

என் முன்னால் மடக்கி நிறுத்திய அட்டைக்குப் பின்னால், காவல்காரர்களுக்காக ஒரு டைஸ் உருட்டினேன். “பதினெட்டு. கரையேறும்போதே உன்னப் பிடிச்சாச்சு. நேரா அரண்மனைக்குக் கொண்டு போறாங்க” என்றேன்.

சாயா ஊற்ற எழுந்த டெனிஷ் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துவிட்டான். “லேய் எட்சா, அது மூணுல்லா?”

பெபிஷா தன் டைஸை எடுத்து என் பக்கம் தள்ளினாள்.

“நான் பத்தொம்பது போட்டாலும் அரண்மனை. ரெண்டு போட்டாலும் அரண்மனை. பின்ன எதுக்கு எட்சா இத எனக்க கையில தந்த?”

“கதைக்கு வேண்டித்தான் பெபி. விருந்துல என்ன நடக்கப்போவுதுன்னு உனக்குத் தெரியாதுல்லா...”

“ஆறு நாளும் டாக்டர் எழுதி வச்சதச் செய்யுதேன். ஏழாம் நாள் நீ எழுதி வச்சதையுமா செய்யணும்?”

பேக்கை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள். அஸ்வதியும் பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று எழுந்தாள். நாலு மணிகூட ஆகவில்லை.

அடுத்த ரெண்டு ஞாயிறும் ஆட்டம் இல்லை. குரூப்பில் யாரும் ஒரு வார்த்தை போடவில்லை. நான் மட்டும் மனசுக்குள் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். இவர்களுக்காக நாலு மாதம் உட்கார்ந்தவன் நான். இவர்கள் வந்து சாயா குடித்து டைஸ் உருட்டுகிறவர்கள். கொஞ்சம் நன்றி வேண்டாமா?

மூன்றாவது வாரம் வியாழக்கிழமை சாயங்காலம், காலை டியூட்டி முடிந்து கருங்கல் பஸ் ஸ்டாண்டில் பெபிஷா இறங்கியபோது போய் நின்றேன். மன்னிப்புக் கேட்கப் போகவில்லை, புரியவைக்கத்தான் போனேன். நல்ல கதை வேண்டுமென்றால் கொஞ்சம் வளைக்கத்தான் வேண்டும், எல்லா கேம் மாஸ்டரும் செய்கிறதுதான் என்று பத்து நிமிஷம் பேசினேன். அவள் கண்ணெல்லாம் சிவந்து, நின்றபடியே தூங்கிவிடுவாள்போல இருந்தாள்.

“நல்ல கதையின்னா எழுதித் தா. வீட்டுல கிடந்து வாசிக்கேன்” என்றாள். “ஆட வரச் சொன்னா ஆட விடணும். ஒரே ஒரு வாட்டி நாங்க செய்யத நடக்க விட்டுப் பாரு. நாசமாப் போனா போவட்டு.”

சரி என்றேன். நாசமாகத்தான் போகும், அப்போதுதான் இவளுக்கு மனசிலாகும் என்ற கோபத்தில் சொன்ன சரி அது.

அந்த ஞாயிறு அட்டையை எடுத்து ஓரமாக வைத்தேன். டைஸ் எல்லாம் மேஜை நடுவில். விட்ட இடத்திலிருந்தே தொடங்கினேன். “காவல்காரங்களுக்கு விழுந்தது மூணு. மங்காவ யாரும் பாக்கல்ல.”

மங்கா அணைக்குப் போனாள். சுவரில் உளி வைத்துக் கொத்திய வெடிப்பைப் பார்த்தாள். இனி ராஜாவிடம் ஓடுவாள், விருந்துக்கு வந்துதானே ஆக வேண்டும் என்று எனக்குள் ஒரு சந்தோஷம்.

“நான் ஆலங்கோடனுக்கு ஆளு விடுதேன்” என்றாள் பெபிஷா. “இந்த ஊர்ல நம்பிக்கையான ஆளு அவருதான?”

எனக்குத் தலையில் கைவைத்துக்கொள்ளலாம்போல இருந்தது. அணையைக் கொத்தச் சொன்னவனையே காப்பாற்றக் கூப்பிடுகிறாள். அஸ்வதியின் பாத்திரம் ஒரு வைத்தியச்சி. அவள்தான் மந்திரியிடம் விஷயத்தைச் சொல்லப் போனாள். நான் ஆலங்கோடனாக முகத்தை வைத்துக்கொண்டு, அது பழைய வெடிப்பு, பயப்பட வேண்டாம் என்று மழுப்பினேன்.

அஸ்வதி விடவில்லை. “அண்ணாச்சி, உங்க பிள்ளையளும் இந்த ஊர்லதானே இருக்கு?” என்று கேட்டாள்.

மூன்று பக்கம் பேச்சு எழுதியிருக்கிறேன்; அவனுக்குப் பிள்ளைகள் உண்டா என்று ஒருநாளும் யோசித்ததில்லை. “ஒரு மக உண்டு” என்று வாயில் வந்ததைச் சொன்னேன்.

“அப்ப அவள நெனச்சுப் பாத்து வாங்க.”

டைஸைக் காட்டினேன். மனசு மாற வேண்டுமென்றால் இருபதேதான் விழ வேண்டும் என்றேன். அஸ்வதி உருட்டினாள். இருபது.

டெனிஷ் நாற்காலியிலிருந்து குதித்துவிட்டான். நான் குனிந்து அந்த எண்ணையே பார்த்தேன். ஆலங்கோடன் அழுதுகொண்டே அணைக்கு ஓடினான் என்று சொன்னபோது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அதற்கப்புறம் கதை என் கையில் இல்லை. தண்ணீரைக் காட்டுப் பக்கம் திருப்ப மதகைத் திறக்க வேண்டும் என்றார்கள். சண்டைக்காக வாளைத் தீட்டிவைத்திருந்த டெனிஷின் பாத்திரம், வாளைப் போட்டுவிட்டுக் கிழவர்களை முதுகில் சுமந்து மேட்டில் ஏற்றியது. மதகுச் சக்கரம் மங்கா ஒருத்தியால் சுற்ற முடியாதது. ஆலங்கோடன் வந்து கைகொடுத்தான். அவன் பிழைப்பானா என்பதற்கான டைஸை எல்லார் முன்னாலும் நான் உருட்டினேன்.

ஒன்று.

மறைத்திருந்தால் பத்து என்று சொல்லியிருப்பேன். மதகு திறந்தது. தண்ணீர் அவனையும் இழுத்துக்கொண்டு போனது. காட்டுப் பக்கம் திரும்பாமல் வந்த தண்ணீரில் அரண்மனையும் விருந்து மண்டபமும் சேற்றுக்குள் போயின. ஜனங்கள் பிழைத்தார்கள். டெனிஷ் வாயில் வைத்த பழம்பொரியை மெல்லாமல் இருந்தான். பெபிஷா ஜன்னல் பக்கம் திரும்பி மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

எனக்கு வயிற்றெரிச்சல்தான். விருந்து போச்சு, பேச்சு போச்சு, அதற்கப்புறம் வர எழுதிவைத்திருந்த ராஜாவின் ரகசியம், தென்கோபுரத்துச் சிறை, எல்லாம் போச்சு.

“உண்மையச் சொல்லு” என்றாள் அஸ்வதி. “நீ என்ன எழுதி வச்சிருந்த?”

சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் நாலு மாதம் பூட்டிவைத்தது. அணையை உடைக்கச் சொன்னதே ஆலங்கோடன்தான் என்று கொட்டிவிட்டேன். அந்தப் பேச்சின் முதல் பத்தியைக்கூட மனப்பாடமாகச் சொன்னேன்.

கேட்டுவிட்டு பெபிஷா சாதாரணமாகச் சொன்னாள்: “இருக்கட்டு. நம்ம கூட நின்னு செத்தது அவருதான?”

“இல்ல பெபி, அவன் துரோகி. நான் சொல்லுதேன்லா...”

“நீ சொன்னா ஆச்சா? நாங்க பாத்தோம்லா.” டெனிஷும் அஸ்வதியும் தலையாட்டினார்கள். மூன்று பேரிடம் என்ன வாதாட முடியும்?

அதற்குள் பெபிஷா பேப்பரை இழுத்து ஆற்றை வரைய ஆரம்பித்தாள். “மழ விட்டதும் அவருக்க உடம்பத் தேடணும். அந்தப் பிள்ளகிட்ட யாரு சொல்லப்போறா? எட்சா, தண்ணி எம்புட்டு தூரம் கொண்டு போயிருக்கும்?”

“தெரியாது.”

“தெரியாதா? நீதான கேம் மாஸ்டர்?”

“சத்தியமாத் தெரியாது” என்றேன், கொஞ்சம் கடுப்பாகவே. “போய்த் தேடிப் பாருங்க.”

டெனிஷ் டைஸை எடுத்து உள்ளங்கையில் குலுக்கினான்.