ஏ கிரேட் என்று ஒட்டிய பனல்

கிணற்றடியில் நிற்கும் இரும்புச் சட்டத்துக்குக் கீழே குனிந்து அண்ணாந்து பார்த்தபோதுதான் உதயகலாவின் கண்ணில் அது பட்டது. சோலார் பனலின் முதுகில் ஒட்டியிருந்த ஸ்ரிக்கர் வைகாசி வெயிலில் மூலை சுருண்டு தொங்கியது. நகத்தால் இழுத்தாள். அடியில் இன்னொரு ஸ்ரிக்கர். மேலே இருந்ததில் ஐந்நூற்றைம்பது வோட்ஸ், ஏ கிரேட். கீழே நானூற்றுத் தொண்ணூறு, பி கிரேட்.

மற்ற ஏழு பனல்களிலும் உரித்துப் பார்த்தாள். எல்லாம் அப்படித்தான்.

மாசியில் கிணற்று மோட்டரை ஓட்ட அவற்றைப் பூட்டித் தந்தவன் மயூரதன், மருதனார்மடச் சந்தியில் கடை வைத்திருக்கும் ஊர்ப் பெடியன். "உங்களுக்கு நான் குறைஞ்ச சாமான் தருவனே அக்கா?" என்று கேட்டவன். இரண்டு மாதமாக உச்சி வெயிலிலும் கடைசிப் பாத்திகளுக்குத் தண்ணீர் போய்ச் சேரவில்லை. மூன்று தரம் போன் எடுத்தாள். மூன்று தரமும் "தூசு படிஞ்சிருக்கும், கழுவிவிடுங்கோ" என்றான். அவளும் ஏணி வைத்து ஏறிக் கழுவினாள். ஆறு வரிசை வெங்காயம் தாள் மஞ்சளித்துப் படுத்துவிட்டது.

அயல் தோட்டத்து இளையதம்பி ஒரு பக்கம் பிடிக்க, ஒரு பனலைக் கழற்றி அவருடைய லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் பெட்டியில் ஏற்றினாள். நேரே சந்திக்கு விடச் சொன்னாள்.

கடையில் மயூரதன், பனல் வாங்க வந்திருந்த சண்முகநாதன் என்ற ஓய்வுபெற்ற தபாலதிபருக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தான்.

"மொனோ பனல் கறுப்பாயிருக்கும், பொலி பனல் நீலம் ஐயா. மொனோ கொஞ்ச இடத்திலை கூடக் கரண்ட் தரும். அதிலையும் ஏ கிரேட் பாத்து வாங்கோணும். செல் எல்லாம் ஒரே நிறமாயிருக்கும், வெடிப்பு இராது. பி கிரேட்டிலை கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருக்கும், போகப்போகக் கரண்ட் விழும்."

உதயகலா வாசலில் நின்று கேட்டாள். இவனுக்கு எல்லாம் தெரியும். தெரிந்துகொண்டுதான் கழுவச் சொல்லியிருக்கிறான்.

"உன்ரை கடைப் பனலை வெளியிலை எடு," என்றாள். "என்ரையையும் அதையும் பக்கத்திலை பக்கத்திலை வெயிலிலை வை. மீற்றரைக் கொண்டு வா."

"அக்கா, உள்ளை வாங்கோ, கதைப்பம்..."

"வெளியிலை எடு எண்டனான்!"

தேநீர்க் கடையில் இருந்தவர்கள் எழுந்து வந்தார்கள். மயூரதன் வேறு வழியின்றி மீற்றரைக் கொழுவினான். கடைப் பனல் பதின்மூன்று அம்பியர் காட்டியது. அவளுடையது ஒன்பதைத் தாண்டவில்லை. சண்முகநாதன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இரண்டு ஸ்ரிக்கரையும் உரக்க வாசித்தார். பிறகு குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

"பி எண்டு சொன்னா ஆரும் வாங்கமாட்டினம் அக்கா," என்றான் மயூரதன், குரல் இறங்கி.

"நான் வாங்கியிருப்பன்ரா! எட்டுக்குப் பதில் பத்துப் பூட்டியிருப்பன், இல்லாட்டி ரெண்டு பாத்தியைக் குறைச்சு நட்டிருப்பன். எனக்குத் தோட்டம் செய்யத் தெரியும். நீ உண்மையைச் சொல்லேல்லை. ஏணியிலை ஏறிக் கழுவ வைச்சனீ! நாளைக்கே எட்டையும் மாத்தித் தா."

அடுத்தநாள் காலையே புதுப் பனல் எட்டும் வந்தன. பூட்ட முன்னம் ஒவ்வொன்றையும் வெயிலில் வைத்து அளக்கச் சொன்னாள். ஏழாவது பதினொன்றுதான் காட்டியது. "இது வேண்டாம், மாத்து." அவன் திரும்பக் கடைக்கு ஓடினான்.

பத்து மணிக்குத் தண்ணீர் வாய்க்காலில் பாய்ந்து கடைசிப் பாத்திவரை போனது. மயூரதன் ஸ்பானர்களைப் பொறுக்கிக்கொண்டு தயங்கி நின்றான்.

"இப்ப கோவம் இல்லைத்தானே அக்கா?"

"இருக்கு," என்றாள் உதயகலா. "வேறை ஆருக்கெல்லாம் உந்த ஸ்ரிக்கர் ஒட்டிப் பூட்டினனீ? பேரைச் சொல்லு."

அவன் படலைப் பக்கம் நகர்ந்தான். அவள் அவர்களுக்கும் சொல்லிவிடப் போனைக் கையில் எடுத்துக்கொண்டு, அவன் வாய் திறக்கும்வரை வழியை மறித்து நின்றாள்.