தமிழில் நான்கு நிமிடம்

2023 மார்ச் 4ஆம் திகதி, கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஓர் எட்டு மாடிக் குடியிருப்பின் லிப்ட் நின்றுபோனது.

பதினைந்து மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்தக் குடியிருப்பின் ஏழாம் மாடியில் பேர்ணடெற் வீங்கிய முழங்காலை ஸ்டூலில் தூக்கி வைத்தபடி டிவிக்கு முன்னால் இருந்தாள். கட்சியின் தேசிய மாநாடு நேரடியாக ஓடியது. அவள் கணவர் ஹியூபேட் இருபத்தாறு வருடமாகக் கிளைச் செயலாளர். பதினொன்றரைக்குத் தமிழில் பேச அவருக்கு நான்கு நிமிடம் தந்திருந்தார்கள். பேசி முடித்ததும் லிப்டைத் திருத்தக் கோரும் மனுவைக் கமராவுக்கு முன்னால் தலைவரின் கையில் கொடுப்பதாகத் திட்டம். அடுத்த மாதம் பத்தாம் திகதி பேர்ணடெற்றுக்கு முழங்காலில் ஒப்பரேஷன். அதற்குப் பிறகு மாதக்கணக்கில் படி ஏறக்கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார்.

மணி பன்னிரண்டாகியும் முன்னாள் அமைச்சர் ஒருவர் மேடையை விட்டு இறங்குவதாக இல்லை.

"கடைசியா ஒண்டு சொல்லுறன் எண்டு மூண்டு தரம் சொல்லிட்டான்."

"நாலு, அன்ரி," என்றாள் எதிர்வீட்டு ஷெரோமி.

"விவசாயி நாட்டின்ட முதுகெலும்பாம். என்ட முழங்கால் ஆருக்குத் தெரியுது?"

அடுத்து வந்த மகளிர் அணித் தலைவி, தலைவரின் தாய்க்கும் மனைவிக்கும் மாமியாருக்கும் தனித்தனியாக நன்றி சொன்னார். ஒவ்வொரு பெயருக்கும் மண்டபம் எழுந்து நின்றது.

பிறகு பொதுச் செயலாளர். சிங்களத்தில் தொடங்கியவர், சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். சிங்கள எழுத்தில் எழுதிவைத்த தமிழ். "அன்பான டமில் சகோதர சகோதரிகளே" என்றதும் கைதட்டல் அடங்க அரை நிமிடம் ஆனது. கண்ணாடியைச் சரிசெய்து சரிசெய்து வாசித்தார். "துறைமுகத்து அலையைப் போல உங்கள் குரல் எங்கள் காதில் விழுந்துகொண்டே இருக்கிறது."

பேர்ணடெற் நிமிர்ந்தாள். "இது ஹியூபேட் எழுதினதெல்லோ!"

"அங்கிளா?"

"வெள்ளிக்கிழமை முழுக்க இந்த மேசையில இருந்து எழுதினவர். பொதுச் செயலாளர் தன்னட்டத்தான் எழுதித் தரச்சொல்லிக் கேட்டவர் எண்டு பெருமை வேற."

தாள் முடிந்தது. தமிழ் உரை நிறைவடைந்தது, அடுத்து தலைவர் என்று அறிவிப்பாளர் சிங்களத்தில் சொன்னார். கமரா இரண்டாவது வரிசையைத் தடவிக்கொண்டு போனது. ஹியூபேட் மனுவை மடியில் வைத்துக்கொண்டு கைதட்டிக்கொண்டிருந்தார்.

"கை தட்டினது காணும்! எழும்பிப் போய்க் குடுங்களேன்!" என்று பேர்ணடெற் டிவியைப் பார்த்துக் கத்தினாள்.

"அவருக்குக் கேக்காது, அன்ரி."

"பக்கத்தில இருந்து சொன்னாலும் கேக்காது."

தலைவர் ஒரு மணி பத்து நிமிடம் பேசிவிட்டுப் பின்வாசலால் போனார்.

நாலு மணிக்கு ஹியூபேட் மூச்சு வாங்க ஏறி வந்தார். ஒரு கையில் சாப்பாட்டுப் பார்சல், மறு கையில் மனு.

"தமிழ் ஒருக்காப் பேசியாச்சாம். இன்னொருக்காப் பேச நேரம் இல்லையாம்," என்றார். சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: "நான் எழுதினது எப்பிடி?"

"நல்லா இருந்தது. பார்சலை வைங்க."

ஒப்பரேஷன் சொன்ன திகதியில் நடந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து பேர்ணடெற் ஹெந்தளைக்கு, தங்கை நிலூஷாவின் வீட்டுக்குப் போனாள். அது மாடியில்லாத வீடு.