கம்பி சொன்ன பெயர்

அந்த உருக்காலையின் சோதனைக்கூடத்தில் இழுத்து உடைக்கப்படும் ஒவ்வொரு கம்பியும், உடையும் நொடியில் ஒரு பெயரைச் சொல்லும். எவ்வளவு பளு தாங்கியது, எவ்வளவு நீண்டது என்பதையெல்லாம் எழுதிவிட்டு, அந்தப் பெயரை அறிக்கையின் ஏழாவது கட்டத்தில் எழுத வேண்டும். யாருக்காக அவ்வளவு தூரம் நீண்டுகொடுத்ததோ, அவர் பெயரைத்தான் கம்பி சொல்லும்.

பதினோரு வருடமாக அந்தக் கட்டத்தில் தில்லைநாயகி என்ற ஒரே பெயர்தான். இழுவை இயந்திரம் அவள் கையில் இருந்தது. அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. இருக்காதா பின்னே?

அப்புறம்தான் மாங்கனீசு தூக்கலாகச் சேர்த்த புது உருக்கு வந்தது. இழுக்க இழுக்க அதன் உள்ளே கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் மிருதுவான உலோக மணிகள் கடினமாக மாறிக்கொள்ளும். பலமும் உண்டு, சட்டென்று ஒடியவும் ஒடியாது. மைக்ராஸ்கோப் அறையில் புதிதாகச் சேர்ந்த ரெஜினா அதன் துண்டொன்றை மெருகேற்றி, அமிலம் தடவி, குனிந்து பார்த்து, "எவ்ளோ அழகா இருக்க!" என்றாள். தில்லைநாயகி எந்தக் கம்பியிடமும் அப்படிச் சொன்னதில்லை. அன்று மாலை உடைந்த கம்பி ரெஜினாவின் பெயரைச் சொன்னது. மறுநாள் உடைந்த கம்பியும் அதையே சொன்னது.

தில்லைநாயகிக்கு வயிறு பற்றி எரிந்தது.

"வெள்ளிக்கிழமை இன்னொண்ணு இழுங்க," என்றார் பொறுப்பாளர். "அதுவும் ரெஜினான்னு சொல்லிட்டா மிஷின் அந்தப் பொண்ணுக்கு. நீங்க லாரி எடை மேடைக்குப் போயிடுங்க."

வெள்ளிக்கிழமை இழுக்க வேண்டிய கம்பியை அவள் வீட்டுக்கு எடுத்துப் போனாள். எண்ணெய் தடவினாள், தங்கமே என்று கொஞ்சினாள், கட்டிலில் பக்கத்தில் கிடத்திக்கொண்டாள். கணவன் கனகசபை பாயைச் சுருட்டிக்கொண்டு கூடத்துக்குப் போனான்.

"என்கிட்ட இப்படி ஒரு வார்த்த பேசியிருக்கியா?" என்று மட்டும் கேட்டான். அவள் காதில் வாங்கவில்லை.

உடைந்தால் இரண்டாகும் என்பதால் கம்பியின் இரண்டு முனையிலும் சோதனை எண் குத்த வேண்டும். கொஞ்சிய மும்முரத்தில் தில்லைநாயகி ஒரு முனையில்தான் குத்தியிருந்தாள். வெள்ளிக்கிழமை கம்பி நீண்டது, நடுவில் இடுப்புச் சிறுத்தது, உடைந்தது. எண் இருந்த பாதி "ரெஜினா" என்றது. எண் இல்லாத பாதி "தில்லைநாயகி" என்றது.

"கேட்டீங்கல்ல சார்?"

"கேட்டேம்மா. நம்பர் இல்லாத துண்டு சொன்னத எப்படி எழுதுறது?"

"ஸாரிக்கா," என்றாள் ரெஜினா. அதைக் கேட்டு வயிறு இன்னும் எரிந்தது. தில்லைநாயகி தன் கையாலேயே ஏழாவது கட்டத்தில் ரெஜினாவின் பெயரை எழுதினாள்.

திங்கட்கிழமை காலை அவள் இயந்திரத்தின் சாவியை ரெஜினாவிடம் ஒப்படைத்துக்கொண்டிருந்தபோது கனகசபை சட்டையைக் கழற்றிக் கையில் வைத்தபடி வந்து நின்றான். பிடரியில் ஓர் எண். குதிகாலில் அதே எண்.

"ரெண்டு பக்கமும் குத்திட்டேன். சரியா இருக்கான்னு பாத்துக்கம்மா," என்றான் ரெஜினாவிடம்.

ரெஜினா இரண்டு எண்ணையும் சரிபார்த்துவிட்டு, அவனை இயந்திரத்தில் ஏற்றி மேல்பிடியையும் கீழ்ப்பிடியையும் முடுக்கினாள். தில்லைநாயகி அவள் கையிலிருந்து சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

"நீ கொஞ்சம் வெளிய நில்லு," என்றாள்.

கதவு சாத்தியதும் இயந்திரத்தை ஓட்டிவிட்டு, ஏழாவது கட்டத்தில் பேனாவை வைத்துக்கொண்டு, காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள்.